கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறை, சென்னை வழியாக

பிப்ரவரி 12, 2025, புதன். வேதாரண்யம்

இருபத்தொன்பது வருஷம் புவியியல் பாடம் எடுத்தேன். பாக் நீரிணை வரும் நாளில் பிள்ளைகளை அட்லஸைத் திறக்கச் சொல்லி ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்வேன். ஸ்கேலின் ஒரு முனை கோடியக்கரையில், மறு முனை யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில். பெருக்கிப் பார்த்தால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் பக்கம் வரும். "நாம நாகப்பட்டினம் போய்த் திரும்புற தூரம்கூட இல்லடா" என்பேன். வகுப்பு வாயைப் பிளக்கும். அப்படி அளந்து காட்டிய நான் ஒரு தடவைகூட அந்தக் கடலைத் தாண்டியதில்லை.

அப்பா தாண்டியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால், ஓடு ஏற்றிப் போகும் தோணியில். வாடைக்காற்றில் போவார்கள், காற்று திரும்பியதும் வருவார்கள். எங்கள் வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்ட தெளிவில் திருச்சி நிலையம் கேட்டதில்லை. எங்கள் ஊர்க் கோயிலின் பரம்பரை நிர்வாகமே யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்தோடு சேர்ந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்த ஊரை அறுபத்தோரு வயதில்தான் பார்க்கப் போகிறேன்.

நாகப்பட்டினத்துக் கப்பலில் போகலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். மழைக்காலத்துக்கு நிறுத்திய கப்பல் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. (நாங்கள் வந்த பிறகு, மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டார்கள். நேர்க்கோட்டில் 185 கிலோமீட்டர்தான். நாங்கள் போனபோது அது கிடையாது.) ஆகவே தெற்கே இருக்கும் ஊருக்குப் போக, முதலில் வடக்கே 350 கிலோமீட்டர் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு இது கடைசி வரை விளங்கவில்லை. வாசலில் திருநீறு பூசிவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பா ராத்திரி சோறு தின்னுட்டுத் தோணி ஏறினா, விடிய அங்க போய்ப் பல்லு வெளக்குவாரு. நீ என்னடா மெட்ராசுக்குப் போறேங்கிற?"

நேற்றுத் தைப்பூசம். முருகன் கோயில்களுக்குப் போய்த் திரும்பும் கூட்டம் பஸ்ஸில் இன்னும் குறையவில்லை. நடைபாதையில் ஒரு காவடி படுத்துக்கொண்டு வந்தது. யாரும் அதைத் தாண்டவில்லை. சிதம்பரம் வரை அதைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறி இறங்கினார்கள்.

பிப்ரவரி 13, வியாழன். சென்னையிலிருந்து பலாலி

விடியற்காலை ஐந்துக்குக் கிளாம்பாக்கம். பஸ் நிலைய வாசலில் பொங்கல் 60 ரூபாய், நெய் மணத்தோடு. அது நல்ல பொங்கல். விமான நிலையத்துக்குள்ளே இரண்டு காபிக்கு 400 ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். மனைவி அந்தக் காகிதக் குவளையைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காத்திருந்த இடத்தில் பக்கத்தில் ஒரு பெரியவர். கனடாவில் மகனோடு இருக்கிறாராம். ஊர் அச்சுவேலி. கொழும்புக்கே விமானம் இருக்க, ஏன் சென்னை வந்து மாறுகிறார் என்று கேட்டேன். "கொழும்பில இறங்கினா பேந்து எட்டு மணித்தியாலம் றோட்டில இருக்கோணும் தம்பி. முழங்கால் ஏலாது. இது எங்கட வீட்டு வாசல்ல கொண்டுபோய் விடுற மாதிரி" என்றார். சின்ன வயதில் பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்குப் பறந்திருக்கிறாராம். ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் தேதி முதல்முதலாகப் பறந்ததே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் என்று நான் சொன்னேன். "ஓமோம், டக்கோட்டா" என்று விமானத்தின் பேரையே உடனே சொன்னார். பலாலி இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம். பிறகு உள்நாட்டுப் போரில் ராணுவத் தளமாகி, 2019 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். அடுத்த வருஷமே கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி ஓடத் தொடங்கியது.

விமானம் ஏடிஆர் 72. இதற்கு ஏறும் வாசல் பின்பக்கம், சாமான் முன்பக்கம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தரை தெரியும். தெற்கே போகும்போது கரை வலது கைப்பக்கம் வரும் என்று தெரிந்து, வலது ஜன்னலைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். டிக்கெட்டில் பயண நேரம் ஒன்றேகால் மணி. கதவு மூடியது 1.52. சக்கரம் தரையை விட்டது 2.14. மீனம்பாக்கம் 13 பாகை வடக்கு, பலாலி 9.8 பாகை வடக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று போட்டால் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். இந்த விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும். கணக்குப்படி 43 நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் அந்த வேகம் மேலே ஏறி நிமிர்ந்த பிறகுதான் வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அன்று கடல் பக்கமிருந்து காற்று. காற்றை எதிர்த்துக் கிழக்கே பார்த்துத்தான் கிளம்பினோம். அடையாறு முகத்துவாரத்துக்கு மேலே போய் வலதுபக்கம் திரும்பிய பிறகே தெற்கு வந்தது.

அதற்குப் பிறகு ஜன்னலில் வந்ததெல்லாம் நான் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த கோடு. மாமல்லபுரம். கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் வட்டக் கூரைகள். மணல் திட்டோடு பாலாறு. புதுச்சேரியில் வெள்ளையாக ஒரு கீற்று. கடலூர். பிச்சாவரத்துச் சதுப்புக்காடு பச்சை ரத்த நாளம் மாதிரி. கொள்ளிடம் கடலில் கொட்டும் இடத்தில் செம்பழுப்பாக ஒரு விசிறி. இத்தனை வருஷம் வரைந்தும், கொள்ளிடத்து முகத்துவாரம் இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது.

நாகப்பட்டினம் தாண்டியதும் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துவிட்டேன். முதலில் தெரிந்தது உப்பளம். கட்டம் கட்டமாக, சில கட்டம் வெள்ளை, சில கட்டம் சாம்பல். பிறகு கரை முழங்கை மாதிரி மேற்கே மடங்கியது. கோடியக்கரை. நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பிய ஊர், பத்தொன்பது மணி நேரம் கழித்து அதே இடத்தில் எனக்குக் கீழே கிடந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "அத்தை இப்போ படுத்திருப்பாங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

நிலம் முடிந்தது 2.57. மறு கரை கண்ணில் பட்டது 3.04. ஏழு நிமிஷம். அப்பா ஒரு ராத்திரி முழுக்கக் கடந்த கடல் அது.

இறங்கும்போதும் காற்றை எதிர்க்க, மேற்கே தீவுப் பக்கம் போய் வட்டம் போட்டுத் திரும்பினார்கள். கீழே செம்மண் தோட்டம், பனை, பனை, பனை. சக்கரம் தரையைத் தொட்டது 3.12. வானத்தில் இருந்தது 58 நிமிஷம். முன் வரிசைப் பெரியவர் இரண்டு உள்ளங்கையையும் ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தார். விமானம் நின்று, எல்லோரும் எழுந்த பிறகும் எடுக்கவில்லை.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். பெயர்ப்பலகையில் தமிழ் மேலே இருந்தது. கடவுச்சீட்டைப் பார்த்த பெண், "எங்க நிக்கிறியள்?" என்றார். நிற்கவில்லையே, உட்காரத்தானே போகிறோம் என்று மனைவி என்னைப் பார்த்தாள். எங்கே தங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

நல்லூரில் ஒரு வீட்டோடு சேர்ந்த விடுதி. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது இருக்கும். பையை வைக்கும் முன்பே "பிளேன்டீ குடிப்பியளோ, பால் தேத்தண்ணியோ?" என்றார். ராத்திரி குழல்புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சம்பல், சொதி. சாப்பிடும்போது கரண்ட் போனது. போன ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு குதித்து நாடு முழுக்க இருட்டாகிவிட்டது, அதன் மிச்சம் இது. "குரங்கு ஒண்டு பாஞ்சு முழு இலங்கையையும் நூத்துப் போட்டுது" என்று மெழுகுவர்த்தியை ஏற்றினார். விளக்கை அணைப்பதற்கு நூர்ப்பது என்று சொல்ல நான் கேட்டது எங்கள் பாட்டியிடம்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி. நல்லூர், கீரிமலை

காலையில் பனி. ஏழு மணிக்கு நல்லூர்க் கோயில். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெண்மணல் வீதி, குப்பை ஒன்றுகூட இல்லை. அர்ச்சனைச் சீட்டு விலை ஒரு ரூபாய். நான் ஐம்பது கொடுத்தேன், நாற்பத்தொன்பதையும் எண்ணித் திருப்பித் தந்தார்கள்.

மதியம் நண்டுக் குழம்பு கிடைக்குமா என்று விடுதி அம்மாவிடம் கேட்டது என் தப்பு. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ தம்பி" என்று சிரித்தார். வெள்ளியன்று அந்த வீட்டில் மீன் வாசமே கிடையாது. முருங்கைக்காய்க் குழம்பு, பருப்பு, கீரை, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேங்காய்ப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதைப் பார்த்தேன். தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்கு மேலாம். நம்ம காசில் கிட்டத்தட்ட 60.

"உப்பும் தட்டுப்பாடு. மழையால உப்பு விளையேல்லை. இப்ப உங்கட இந்தியாவில இருந்துதான் கப்பல்ல வருது" என்றார். நாங்கள் வேதாரண்யம், உப்பு விளையும் ஊர், 1930இல் உப்புக்காகச் சிறைக்குப் போன ஊர் என்று சொன்னேன். அவர் உடனே, "அப்ப ஒரு பொட்டலம் கொண்டு வந்திருக்கலாமே பிள்ளை" என்று மனைவியிடம் சொன்னார். பாக்கு, முந்திரி, கோயில் திருநீறு எல்லாம் கொண்டுவந்தோம். உப்பு கொண்டுவரத் தோன்றவில்லையே என்று அவளுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

பின்னேரம் ஓட்டோவில் கீரிமலை. கடலுக்கு ஒட்டினாற்போல் நன்னீர்க் கேணி. இந்தப் பக்கம் நாக்கில் வைத்தால் நல்ல தண்ணீர், சுவருக்கு அந்தப் பக்கம் அலை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர் கடலோரத்தில் ஊற்றாகக் கிளம்புகிறது. பாடத்தில் படித்ததைக் காலால் தொட்டுப் பார்த்தேன், நல்ல குளிர்ச்சி. திரும்பும் வழியில் நல்லூரில் ஐஸ்கிரீம். உயரமான கண்ணாடிக் குவளையில் மூன்று நிறம், 500 ரூபாய்க்குள் இருவர் சாப்பிட முடியாமல் மிச்சம்.

பிப்ரவரி 15, சனி. மயிலிட்டி, காங்கேசன்துறை, பருத்தித்துறை

நேற்று வந்த ஓட்டோக்காரரே இன்றும். ஐம்பது வயதிருக்கும். சொந்த ஊர் மயிலிட்டி, விமான நிலையத்துக்குப் பின்பக்கத்துக் கடற்கரை. 1990இல் அவர் வகுப்பில் இருந்தபோது ஊரே இரவோடு இரவாகக் கிளம்பியது. ஓடுதளத்தைச் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் உயர் பாதுகாப்பு வலயமாயின. மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை 2017இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். "இருவத்தேழு வருசம் ஐயா. வீட்டுக்கும் நாங்கள் இருந்த முகாமுக்கும் நடந்தால் ரெண்டு மணித்தியாலம்" என்றார். விமானத்தின் நேரத்தை நிமிஷக் கணக்கில் எழுதி வைத்திருந்த குறிப்பேடு என் சட்டைப் பையில் இருந்தது. அவர் பேசும்போது அதை நான் வெளியே எடுக்கவில்லை.

துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தவை எங்கள் பக்கத்துப் படகுகள். தமிழ்நாட்டுப் பதிவு எண், சாமி பேர், கட்சிக் கொடி வெளுத்துப்போய். எல்லை தாண்டியதாகப் பிடித்தவை. சிலவற்றில் மரம் உளுத்து உள்ளே தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கள் ஊரிலோ ராமேஸ்வரத்திலோ கடன் கட்டும் ஒரு வீடு இருக்கிறது. என்னிடம் படித்த பையன்களின் அப்பாக்கள் இப்படி உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

ஓட்டோக்காரரின் அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் எந்த ஊர் என்று தெரிந்ததும் கை ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாகத்தான் சொன்னார்: "குறை நினையாதேங்கோ ஐயா. உங்கட ஆக்களின்ர இழுவைப் படகு ஒருக்கா வந்து போனால், எங்கட வலை முழுக்கப் போயிடும். ஒரு வலைக்குப் பட்ட கடன் முடிய முன்னம் அடுத்த கடன்." பிழை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடிமடியைச் சுரண்டும் வலை எங்கள் பக்கத்துக் கடலையும் வெறுமையாக்கித்தான் அவர்களை இங்கே தள்ளுகிறது. அதைச் சொன்னேன். "ஓம், எங்களுக்கும் தெரியும்" என்றார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மதியம் அவர்கள் வீட்டிலேயே ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானையில். பனை ஓலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். புளியும் செத்தல் மிளகாயும் காதுவரை ஏறுகிறது. மூன்று பிளா குடித்தேன். காசு கொடுக்கப் பார்த்ததற்கு அந்த வீட்டு அக்காவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. மனைவி தன் கையிலிருந்த முந்திரிப் பொட்டலத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சமாளித்தாள்.

காங்கேசன்துறையில் கடலைப் பார்த்து நின்றேன். அடுத்த கிழமை கப்பல் தொடங்குகிறதாம், வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் சொன்னார். வடக்கே ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு கரையோடு கிழக்கே வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று, அன்னபூரணி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு எங்கள் கோடியக்கரை ஒரு தூரமே இல்லை. தமிழ்நாட்டில் படம் பார்த்துவிட்டு அதே வள்ளத்தில் திரும்பிய கதையைத் தேநீர்க் கடையில் ஒருவர் தன் மாமாவின் கதையாகச் சொன்னார். பருத்தித்துறையில் தட்டை வடை வாங்கினோம், அம்மாவுக்கென்று ஐந்து பொட்டலம்.

இரவு ஏழரைக்குக் குறுஞ்செய்தி. நாளை எங்கள் திரும்பும் விமானம் ரத்து. செயல்பாட்டுக் காரணங்கள் என்று மட்டும் இருந்தது. தொலைபேசியில் பேசிய பெண் பணம் முழுக்கத் திரும்ப வரும் என்றார், இல்லையென்றால் புதன்கிழமை இருக்கை தருவதாகச் சொன்னார். புதன்கிழமை பேத்திக்குக் காதுகுத்து, தாய்மாமன் வரிசையெல்லாம் சொல்லியாகிவிட்டது. விடுதி அம்மாவின் மகன் அலைபேசியை எடுத்து, கொழும்புக்கு ஒரு பஸ்ஸும் கொழும்பிலிருந்து திங்கள் மாலைச் சென்னை விமானமும் ஒழுங்குபடுத்தினார். வீட்டுக்குப் போக வடக்கே 80 கிலோமீட்டர் பக்கமே இருக்கும் இடத்திலிருந்து, தெற்கே 400 கிலோமீட்டர் போகப்போகிறோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு. ஏ9 வீதி

காலை ஆறுக்கு நல்லூரை விட்டோம். குளிர்சாதன பஸ், ஆளுக்கு 2,800 ரூபாய். விடுதி அம்மா வாசலில் இடியப்பப் பார்சலோடு நின்றார். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வீதி. அங்கேயும் உப்பளம். வேதாரண்யத்தில் பார்க்கும் அதே கட்டங்கள், ஆனால் வெள்ளையே இல்லை, வெறும் சேறு. மனைவி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லா பஸ்ஸும் நிற்கும். தேங்காய் அந்த விலை விற்றும் ஓட்டுநர் ஒரு காயை உடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். வாசலில் சுடச்சுட மணலில் வறுத்த கச்சான், பை 100 ரூபாய். கச்சான் என்றால் இங்கே வேர்க்கடலை. அப்பா வாயில் கச்சான் என்றால் மேல்காற்று. ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் கையில் கிடைக்கிறது.

பக்கத்து இருக்கையில் வவுனியா ஆசிரியர் ஒருவர். நேரத்தைக் குறித்து வைக்கும் என் பழக்கத்தைக் கவனித்துவிட்டு அவராகச் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே என்னை உலுக்கியது. 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்துக்கு வந்தது. ஆனால் புலிகளின் பகுதியில் பழைய நேரமே ஓடியது. 2002இல் இந்த வீதியைத் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் புலிகளின் பகுதி தொடங்கும் முகமாலையில் கடிகாரத்தை அரை மணி பின்னால் வைப்பார்களாம், அது முடியும் ஓமந்தையில் மறுபடி அரை மணி முன்னால். "ஒரே பஸ் பயணத்தில ரெண்டு தரம் நேரம் மாறும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் சொல்லேக்க எந்த நேரம் எண்டும் சொல்லோணும்" என்றார். நேர வலயம் பாடத்தில் நான் லண்டனையும் டோக்கியோவையும் உதாரணம் சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்துக் கரையில், தமிழ்ப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில், இப்படி ஒன்று நடந்தது எனக்குத் தெரியாமலே ஓய்வு பெற்றுவிட்டேன்.

வவுனியாவில் அவர் இறங்கினார். அநுராதபுரத்தில் சிங்களப் பாட்டி ஒருவர் ஏறினார். எங்களுக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "இந்தியாவ?" என்றார். தலையாட்டினேன். முகம் மலர்ந்து "புத்தகயா!" என்று கைகூப்பினார். விரலை மடக்கி, விமானம் ஒன்று, சென்னை, பிறகு ரயிலில் இரண்டு ராத்திரி என்று காட்டினார். நாங்கள் புத்தகயா போனதில்லை என்று சைகையில் சொன்னதை அவரால் நம்பவே முடியவில்லை. புத்தளம் வரை இரண்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து எங்கள் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

வெயில் பொல்லாதது. நீர்கொழும்பில் இறங்கியபோது மூன்று மணி. கால் வீங்கிவிட்டது. பார்க்க எத்தனையோ இருக்கும் ஊர், நாங்கள் படுத்துத் தூங்கினோம்.

பிப்ரவரி 17, திங்கள். கட்டுநாயக்கா

பகல் முழுக்கக் கடற்கரை, சோறும் மீன்கறியும் 600 ரூபாய், நல்ல காரம். எழுத வேறு விசேஷமில்லை.

மாலை விமான நிலையத்தில் குறிப்பேட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். கட்டுநாயக்கா 7.2 பாகை, சென்னை 13. தூரம் சுமார் 640 கிலோமீட்டர். அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தால், யாழ்ப்பாண நகரத்துக்கு மேலேயே போகிறது. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்த வழியை விமானம் அரை மணியில் திருப்பிக்கொண்டு போகப்போகிறது.

இது பெரிய ஜெட். சக்கரம் தரையை விட்டது 7.22. இந்த முறை இடது ஜன்னல். ஐம்பது நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது: முதலில் மன்னார் பக்கம் இருட்டு, பிறகு சிதறிய மணி மாதிரி தீவுகளின் விளக்கு, அவை நின்று கடல். அந்தக் கடல் இருட்டாக இல்லை. நூற்றுக்கணக்கில் படகு விளக்குகள். எது மயிலிட்டியுடையது, எது எங்கள் ஊருடையது என்று மேலேயிருந்து பிரிக்க முடியவில்லை. அவற்றுக்கு அப்பால் கோடியக்கரைக் கலங்கரை விளக்கம் ஒருமுறை மினுங்கியது போலிருந்தது. மனைவி தூங்கிவிட்டாள்.

சென்னையில் இறங்கியது 8.27. வானத்தில் 65 நிமிஷம். போகும்போது 355 கிலோமீட்டருக்கு 58 நிமிஷம், திரும்பும்போது 640க்கு 65. கிளாம்பாக்கத்தில் பத்தரை மணி பஸ்ஸுக்கு ஓடினோம்.

பிப்ரவரி 18, செவ்வாய். வேதாரண்யம்

காலை 6.40க்கு வீடு. நல்லூரை விட்டு 48 மணி 40 நிமிஷம். அம்மா வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போயிருந்தோம் எப்படி வந்தோம் என்று கேட்கவில்லை. பையில் என்ன என்று கேட்டாள்.

பருத்தித்துறை வடையைப் பிரித்துக் கொடுத்தேன். பல் இல்லாததால் காபியில் ஊறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "உங்கப்பா கொண்டாருவாரு, இதேதான்" என்றாள். இன்னொன்றை எடுத்து ஊறவைத்தாள்.

"உப்புதான் கொஞ்சம் கொறச்சலா இருக்கு" என்றாள்.